பழைய மின்னூல் கருவிகளிலும் திறக்கும் தமிழ் மின்னூல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய கிண்டிலிலும் கைப்பேசியிலும் அழகாகத் தெரியும் தமிழ் மின்னூல், பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய கருவியில் ஏற்றியதும் கட்டங்களாகவும் சிதறிய கொம்புகளாகவும் மாறிவிடுகிறது. சில நேரம் திறக்கவே மறுக்கிறது. மின்னூலாக்கத்தில் இறங்குகிறவர்கள் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே.

பழைய கருவி என்று எதைச் சொல்கிறீர்கள்?

வயதைவிட உள்ளே ஓடும் மென்பொருளை வைத்துப் பிரிப்பதுதான் பயன்படும். மூன்று கூட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டம், மோபி என்ற பழைய மின்னூல் கோப்பு வடிவத்தை மட்டும் அறிந்த கிண்டில்கள்: 2007இல் வந்த முதல் கிண்டில், 2009இன் கிண்டில் 2, பெரிய திரை கொண்ட டிஎக்ஸ். இவற்றுக்கு நூலுக்குள் உள்ளடங்கி வரும் எழுத்துரு தெரியாது, நூலின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் பாணி மொழியும் பெயருக்குத்தான்.

இரண்டாவது, கேஎஃப்8 வடிவத்தைப் படிக்கும் கிண்டில்கள். 2010இன் கிண்டில் கீபோர்டு (மென்பொருள் 3.4க்குப் பிறகு), 2011இன் கிண்டில் 4, கிண்டில் டச் (இவ்விரண்டும் மென்பொருள் புதுப்பித்தலுக்குப் பிறகு), 2012 முதல் வந்த பேப்பர்ஒயிட்கள் இதில் அடங்கும். கேஎஃப்8 என்பது மோபிக்கு அடுத்து வந்த அமேசான் வடிவம், 2011இல் கிண்டில் ஃபயருடன் அறிமுகமானது.

மூன்றாவது, ஈபப் என்ற பொதுவான மின்னூல் வடிவத்தை அடோபியின் படிப்பு மென்பொருளால் (அடோபி இயந்திரம்) திறக்கும் கருவிகள்: சோனி ரீடர்கள், நூக், கோபோ, பாக்கெட்புக். சோனி 2014இல் இந்தத் தொழிலை விட்டே போய்விட்டது. ஆனால் அந்தக் கருவிகள் இன்னும் உழைக்கின்றன. மின்மைத் திரைக்கு (இ-இங்க்) எளிதில் சாவு வருவதில்லை.

தமிழ் எழுத்துருவை உள்ளே வைத்துவிட்டால் போதாதா?

போதாது. இந்தத் துறையில் அதிகம் பேரை ஏமாற்றுவது இந்த நம்பிக்கைதான்.

யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, அடுத்து கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரும்போது கொம்பு இடப்பக்கம் போக வேண்டும். ‘கொ’ வந்தால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். ‘டு’, ‘று’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவை தனி உருவங்களாகச் சேர வேண்டும். இதற்கான உருவங்களும் விதிகளும் எழுத்துருவில் இருக்கும். அந்த விதிகளைப் படித்து எழுத்தைக் கோர்க்கும் மென்பொருளோ கருவிக்குள் இருக்க வேண்டும். அது இல்லாத கருவியில் எவ்வளவு நல்ல எழுத்துருவைத் திணித்தாலும் பயன் இல்லை.

எந்தக் கோளாறு என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு சோதனை வரியை வைத்துக்கொள்ளுங்கள்: “கொக்கு கெண்டை கேணி பையன் கௌதாரி வீடு ஆறு பக்ஷி ஸ்ரீரங்கம்”. இதைக் கருவியில் திறந்து பாருங்கள்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்துருவை உள்ளடக்கினால் சரியாகும் வாய்ப்பு உண்டு. கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் நின்றாலோ, புள்ளியிட்ட வட்டம் ஒன்றைத் தாங்கி நின்றாலோ, கோர்க்கும் மென்பொருள் இல்லை. ஈபப்பையும் மோபியையும் வைத்து அங்கே மல்லுக்கட்டாதீர்கள். மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கு மேல் உட்காராமல் பக்கத்தில் தள்ளி நிற்பதும் அதே நோயின் இலேசான வடிவம்தான்.

கோர்க்கும் மென்பொருளே இல்லாத கருவிக்கு என்ன வழி?

ஆறு அங்குல பிடிஎஃப், அதாவது ஆறு அங்குலத் திரையின் அளவுக்கே பக்கம் அமைத்த பிடிஎஃப். பிடிஎஃப்பில் எழுத்துக் கோர்ப்பு வேலை முழுவதும் உங்கள் கணினியிலேயே முடிந்துவிடுகிறது. எந்த உருவம் எந்த இடத்தில் என்பது கோப்பிலேயே பதிவாகி இருப்பதால் கருவி அதை அப்படியே வரைந்தால் போதும், தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம் ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு ஆறு அங்குல பிடிஎஃப் ஒன்றையும் தனியே தருவது இந்தப் பயனுக்காகத்தான்.

இழப்பும் உண்டு. எழுத்தைப் பெரிதாக்க முடியாது, அகராதி வேலை செய்யாது, தேடல் பெரும்பாலும் கைகொடுக்காது. அதனால் வயதான வாசகர்களை நினைத்து 12 புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவில் ஒன்று, 16 புள்ளியில் ஒன்று என இரண்டு கோப்பு தருவது நல்லது. பக்க அளவு ஒன்றேதான், எழுத்தளவு மட்டும் மாறும்.

முதல் கிண்டிலுக்கு நேரடியாக பிடிஎஃப் திறக்கத் தெரியாது. கிண்டில் 2க்கும் 2009 நவம்பரில் வந்த 2.3 மென்பொருள் வேண்டும்.

ஏ4 பிடிஎஃப்பையே சுருக்கிப் படிக்கக்கூடாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 600க்கு 800 பிக்சல்கள், அங்குலத்துக்கு 167 பிக்சல்கள் கொண்ட ஆறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 91 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210. அதாவது பக்கம் 43 விழுக்காடாகச் சுருங்குகிறது. 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். அந்த அளவில் ‘ண’வின் மூன்று சுழியும் ‘ன’வின் இரண்டு சுழியும் ஒரே கரிய பொட்டாகத் தெரியும். ஏ5இல் அமைத்தாலும் 12 புள்ளி ஏழரைப் புள்ளிக்கு மேல் வராது. திரையைப் படுக்கை வாக்கில் திருப்பினால் ஓரளவு படிக்கலாம். ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு முறையாவது பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.

ஆறு அங்குல பிடிஎஃப்பை லிப்ரே ஆபீஸில் எப்படிச் செய்வது?

5.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோர்ப்பு மென்பொருள் ஒரே சீராக வேலை செய்கிறது.

1. பக்கப் பாணியில் அகலம் 9 சென்டிமீட்டர், உயரம் 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நான்கு பக்கமும் விளிம்பு 3 மில்லிமீட்டர் போதும். கருவியின் சட்டமே விளிம்பு வேலையைப் பார்த்துக்கொள்ளும்.
2. மொழி அமைப்புகளில் சிக்கலான உரை அமைப்பு என்ற தேர்வை இயக்கி, அதன் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அந்தப் பகுதியில்தான் அமைய வேண்டும். பலர் மேற்கத்திய உரைக்கான பெட்டியில் 14 என்று மாற்றிவிட்டு, தமிழ் ஏன் அசையவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.
3. உடல் பத்திக்கு 12 புள்ளி எழுத்து, 17 புள்ளி வரி உயரம். இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள்.
4. பத்தியின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தனியாகப் போகாமல் தடுக்கும் கட்டுப்பாடுகளை அணைத்துவிடுங்கள். 19 வரிதான் கொள்ளும் பக்கத்தில் அவை அடியில் பெரிய வெற்றிடத்தை விட்டுவிடும். தலைப்பு மட்டும் அடுத்த பத்தியோடு ஒட்டியிருக்கட்டும்.
5. ஏற்றுமதி செய்யும்போது தலைப்புகளைப் புத்தகக்குறிகளாக அனுப்பும் தேர்வை இயக்குங்கள். படங்களை 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) மேல் விடாதீர்கள்.

இப்படிச் செய்தால் ஒரு வரிக்கு நான்கு சொல், ஒரு பக்கத்துக்கு எழுபது எழுபத்தைந்து சொல் அமையும். 50,000 சொற்கள் கொண்ட நாவல் 650 பக்கத்தைத் தாண்டும். பக்க எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம், கோப்பின் எடை அதனால் கூடிவிடாது.

பக்கத்தை இருபுறமும் நேராக்காததற்குக் காரணம் நான்கு சொல் வரிதான். “எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்” போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவினால், மிச்சம் இருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும்.

எந்த எழுத்துரு?

கோட்டின் தடிமன்தான் முக்கியம். மின்மைத் திரையில் மெல்லிய கோடு சாம்பலாகக் கரைந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ், மீரா இனிமை போன்ற சீரான தடிமன் கொண்டவை 167 டிபிஐ திரையில் தாக்குப்பிடிக்கும். மூன்றுமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை என்பதால் நூலோடு சேர்த்து அனுப்பத் தடையில்லை. எழுத்தின் நிறம் முழுக் கருப்பாக இருக்கட்டும். அடர் சாம்பல் அச்சில் அழகு, பழைய 16 சாம்பல் படித் திரையில் மங்கல்.

தடிமனை இழுத்து மாற்றக்கூடிய மாறி எழுத்துருக்களைத் தவிருங்கள். பழைய கருவிகளுக்கு நிலையான டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப்தான் தெரியும். எழுத்துருவைக் குழப்பிப் பூட்டும் தேர்வு உங்கள் மென்பொருளில் இருந்தால் அதையும் அணையுங்கள். பூட்டைத் திறக்கத் தெரியாத கருவி எழுத்துருவையே புறக்கணித்துவிடும்.

டிஸ்கி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய குறியாக்கத்தில் எழுதி, அந்த எழுத்துருவையே உள்ளடக்கினால் கோர்ப்புச் சிக்கல் தீர்ந்துவிடுமே?

திரையில் தீரும். டிஸ்கியில் எழுத்துகள் பார்வை வரிசையிலேயே சேமிக்கப்படுவதால் கொம்பை இடம் மாற்றும் வேலையே இல்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து அறிவித்த டேஸ்16 குறியாக்கமும் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் கொடுப்பதால் இதே வசதியைத் தரும். ஆனால் அது யூனிகோடில் யாரும் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்ள விட்டிருக்கும் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் வரும். வாசகர் அமைப்பில் எழுத்துருவை மாற்றிய நொடியில் நூல் முழுவதும் குப்பையாகும். தேட முடியாது, நகலெடுத்து ஒட்ட முடியாது, பார்வையற்றோருக்கான வாசிப்பான் உளறும். முதல் தலைமுறைக் கிண்டிலில் உள்ளடங்கிய எழுத்துரு என்பதே கிடையாது என்பதால் அங்கும் பயன் இல்லை. இதே பலனை ஆறு அங்குல பிடிஎஃப் சேதாரம் குறைவாகத் தருகிறது. புதிதாக ஒரு நூலை இன்று டிஸ்கியில் வெளியிடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஈபப் 2ஆ, ஈபப் 3ஆ?

கதை, கட்டுரை, கவிதை என்றால் ஈபப் 2 போதும். 2007இல் வந்த வடிவம் அது. ஈபப் 3 வந்தது 2011இல். புதிய கருவிகள் எல்லாம் பழையதையும் திறக்கும், மறுபக்கம் அப்படி இல்லை. மின்னூல்களை வடிவம் மாற்றும் காலிபர் மென்பொருளின் ஈபப் வெளியீட்டில் பதிப்பு எண் இயல்பாகவே 2 என்றுதான் இருக்கும்.

விற்பனைத் தளம் ஈபப் 3தான் வேண்டும் என்று கேட்டால் அதைச் செய்யுங்கள், ஆனால் பழைய உள்ளடக்க வரைபடமான என்சிஎக்ஸ் கோப்பையும் கூடவே வையுங்கள். ஈபப் 3 அதை அனுமதிக்கிறது. என்சிஎக்ஸ் இல்லாத ஈபப் 3ஐப் பழைய சோனியில் திறந்தால் உரை வரும், பொருளடக்கப் பொத்தான் மட்டும் வெறுமையாக நிற்கும். நூலின் தொடக்கத்தில் சாதாரண இணைப்புகளால் ஆன ஒரு பொருளடக்கப் பக்கமும் இருக்கட்டும். வரைபடத்தில் இரண்டு நிலைக்கு மேல் போகாதீர்கள். சில கருவிகள் எல்லா நிலைகளையும் ஒரே பட்டியலாக நீட்டிவிடும்.

பெரிய அத்தியாயத்தில் கருவி உறைந்துபோகிறது. ஏன்?

அடோபி இயந்திரம் ஓடும் பழைய கருவிகள், குறிப்பாகச் சோனி, ஈபப்புக்குள் உரையைத் தாங்கி இருக்கும் ஒரு எக்ஸ்எச்டிஎம்எல் கோப்பு 300 கேபியைத் தாண்டினால் திணறும். சில வேளை அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். காலிபர் 260 கேபிக்கு மேற்பட்ட கோப்பைத் தானாகவே உடைப்பது இந்த வரம்பை மனத்தில் வைத்துத்தான். அந்த அளவு சுருக்கப்படாத நிலைக்கு உரியது. பொதியின் எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இங்கே தமிழுக்கு ஒரு தனி இடைஞ்சல் இருக்கிறது. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ‘க’வுக்கு மூன்று, அதன் கொம்புக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று. ‘கெ’ ஒன்றே ஆறு பைட் தின்னும். ஆக, 260 கேபியில் ஆங்கிலம் நாற்பதாயிரம் சொல்லுக்கு மேல் கொள்ளும். தமிழ் பத்தாயிரத்தை ஒட்டித்தான். ஆங்கில வழிகாட்டிகளைப் பார்த்து “நம் அத்தியாயம் பதினைந்தாயிரம் சொல்தானே” என்று விட்டவர்களின் நூல்தான் உறைகிறது. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, எட்டாயிரம் சொல்லைத் தாண்டினால் இரண்டாக உடைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைக்கும் இடம் உட்தலைப்பாக இருக்கட்டும். கோப்பு மாறும் இடத்தில் கருவி புதுப் பக்கம் தொடங்கும்.

நான் எழுதிய சிஎஸ்எஸ் முழுவதும் காணாமல் போய்விட்டது. பாதி வந்தாலும் பரவாயில்லை, எதுவுமே வரவில்லை.

அடோபி இயந்திரத்தின் குணம் அது. உலாவி புரியாத ஒரு வரியைத் தாண்டிப் போய்விடும். அடோபி இயந்திரமோ புரியாத தொடரமைப்பைக் கண்டால் அந்தப் பாணிக் கோப்பையே தூக்கி எறிந்துவிடும். கணக்கிடும் செயல்கூறு, சிஎஸ்எஸ் மாறிகள், புதிய வகை மீடியா நிபந்தனைகள், விடுபட்ட ஓர் அடைப்புக்குறி, இதில் எது இருந்தாலும் போதும். ஆகவே ஒரு நூலுக்கு ஒரே சிறிய பாணிக் கோப்பு. ஃப்ளெக்ஸ், கிரிட், நிலைப்படுத்தல் எதுவும் வேண்டாம். அளவுகள் எல்லாம் எம் (எழுத்தளவை ஒட்டி மாறும் அலகு) அல்லது விழுக்காட்டில். கிண்டிலுக்கென்று தனி மீடியா நிபந்தனை எழுதினால் அதைக் கிண்டிலுக்கான பொதியில் மட்டும் வையுங்கள்.

மறைந்துபோன பாணியைத் தேட எளிய வழி: கோப்பின் கீழ்ப்பாதியை நீக்கிவிட்டு ஏற்றிப் பாருங்கள். பாணி வந்தால் கோளாறு நீக்கிய பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் ஐந்தாறு முறையில் அந்த வரி சிக்கும்.

தமிழுக்கு மட்டும் உரிய பாணிக் கண்ணிகள் உண்டா?

உண்டு, நிறையவே.

பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரம் முதலாவது. பழைய இயந்திரங்கள் முதல் ‘எழுத்து’ என்று முதல் குறியை மட்டும் எடுக்கும். “கொடி” என்று தொடங்கும் பத்தியில் ‘க’ மட்டும் பெரிதாகி, அநாதையான கொம்பும் காலும் சிறிய அளவில் புள்ளி வட்டத்தோடு நிற்கும். இந்த அலங்காரத்தை விட்டுவிடுங்கள். வேண்டுமே வேண்டும் என்றால் முழு எழுத்தையும் ஒரு தனிக் குறிச்சொல்லுக்குள் அடைத்துப் பெரிதாக்குங்கள், அதுவும் மிதக்க விடாமல்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் பண்பு அடுத்தது. தலைப்புகளில் ஆங்கிலத்துக்கு அழகு. தமிழில் அது கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்துப் போட்டுவிடும்.

சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை. எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாதபோது கருவி எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்க்கும். குறைந்த புள்ளித் திரையில் அது பற்கள் போல நொறுங்கித் தெரியும். நூற்பெயருக்கு மேற்கோள்குறி, அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து. தடித்த வடிவத்தையும் எழுத்துருவாகவே உள்ளடக்குங்கள், இல்லாவிட்டால் கருவி தானே தடிக்க வைத்துச் சுழிகளை அடைத்துவிடும்.

வரி உயரம் 1.4 முதல் 1.5 வரை, அலகு இல்லாத எண்ணாக. பிக்சலில் கொடுத்தால் வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது மேல்வரியின் ‘ஞு’வின் வாலும் கீழ்வரியின் ‘கீ’யின் தலையும் முட்டிக்கொள்ளும்.

நீண்ட சொற்களை உடைக்க மறை இடைக்கோடு போடலாமா?

வேண்டாம். வரி உடையும் இடத்தில் மட்டும் தெரிய வேண்டிய மறை இடைக்கோட்டைச் சில பழைய கருவிகள் வரியின் நடுவிலும் அப்பட்டமாகக் காட்டும். பல கருவிகளில் தேடல் கெடும். அகலம் இல்லாத இடைவெளிக் குறியும் அப்படித்தான், கட்டமாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் நேராக்கிவிட்டால் உடைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

வேறு எந்தக் குறிகள் கட்டமாகின்றன?

ரூபாய்க் குறி ₹ முதல் குற்றவாளி. அது யூனிகோடில் சேர்ந்ததே 2010இல். அதற்கு முந்தைய எழுத்துருக்களில் இல்லை. “ரூ.” என்று எழுதுங்கள். ‘ஶ’ என்ற எழுத்தும் தமிழ்ச் சுழியமும் 2005இல் சேர்ந்தவை. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் இவையும் இருக்காது.

பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றிய உரை என்றால் இன்னொரு சோதனை வேண்டும். ‘ஔ’காரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் தட்டப்பட்டிருக்கும். ‘கொ’வின் ஒரே குறிக்குப் பதிலாகக் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கும். புதிய கருவியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. அரைகுறையாகக் கோர்க்கும் பழைய கருவியில் ஒன்று சரியாகவும் ஒன்று சிதறியும் வரும், தேடலில் பாதி விடுபடும். உரை முழுவதையும் யூனிகோடு இயல்பாக்கத்தில் என்எஃப்சி என்ற, குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டாவது சிக்கல் தீரும். முதலாவதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

படங்கள்?

சாதாரண ஜேபெக். மெல்ல மெல்லத் தெளியும் வகை ஜேபெக்கைப் பல பழைய கருவிகள் காட்டாது. அச்சகத்திலிருந்து வந்த நான்கு வண்ணக் கோப்பும் அப்படியே, முதலில் திரைக்கான எஸ்ஆர்ஜிபி வண்ண முறைக்கு மாற்றுங்கள். வெப்பி வடிவம் வேண்டவே வேண்டாம். நீண்ட பக்கம் 1000 பிக்சல், எடை 127 கேபிக்குள். பழைய மோபி வடிவத்தில் ஒரு படத்துக்கு அந்த வரம்பு உண்டு. மீறினால் மாற்றும் மென்பொருளே படத்தை நசுக்கிவிடும், முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வண்ண வரைபடத்தை ஒருமுறை சாம்பலாக மாற்றிப் பாருங்கள். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒரே சாம்பலாகிவிட்டால், ஒன்றைப் புள்ளிக்கோடாக மாற்ற வேண்டும். பின்னணி இல்லாத பிஎன்ஜி சில கருவிகளில் கருப்புப் பின்னணியோடு வரும், வெள்ளை நிரப்பிவிடுங்கள்.

அட்டைப்படம் மட்டும் நூலகப் பட்டியலில் வரவில்லை.

ஈபப் 3 முறையில் மட்டும் அட்டையைக் குறித்திருப்பீர்கள். நூலின் பகுதிகளைப் பட்டியலிடும் தொகுப்புக் கோப்பில் (ஓபிஎஃப்) ஈபப் 2 காலத்து அட்டைக் குறிப்பு வரியையும் சேர்த்து, அது படத்தின் அடையாளப் பெயரைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். பக்கத்தின் பெயரைச் சுட்டுவது வழக்கமான தவறு. அட்டைப் பக்கத்தை எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவத்துக்குள் பொதியாமல் நேரடிப் படமாக வையுங்கள்.

அடிக்குறிப்புகள்?

மேலெழும் சன்னல் குறிப்புகள் ஈபப் 3க்கு உரியவை. பழைய கருவிக்குச் சாதாரண இணைப்பு போதும்: எண்ணிலிருந்து அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் குறிப்புக்கு, அங்கிருந்து திரும்ப எண்ணுக்கு. திரும்பும் இணைப்பை மறக்காதீர்கள். கிண்டில் கீபோர்டு, கிண்டில் 4 போன்றவற்றில் தொடுதிரை இல்லை, ஐந்து திசைப் பொத்தானால் இணைப்பு இணைப்பாக நகர வேண்டும். ஒரே வரியில் மூன்று குறிப்பு எண்கள் நெருக்கி வைத்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான். இணைப்பைச் சதுர அடைப்புக்குள் இட்ட எண்ணாக அமைத்தால் தொடுதிரையில் விரலுக்கும் சிக்கும்.

செய்யுள், அட்டவணை?

செய்யுளின் ஒவ்வோர் அடியும் தனிப் பத்தி, மேல்கீழ் இடைவெளி சுழியம். மடங்கும் அடியை உள்ளே தள்ள உதவும் எதிர்மறைத் தள்ளல் (முதல் வரியை மட்டும் இடப்பக்கம் இழுப்பது) பழைய மோபியில் வேலை செய்யாது. எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினாலும் ஆறு அங்குலத் திரையில் நாற்சீர் அடி மடங்கத்தான் செய்யும். அதை ஏற்றுக்கொண்டு, அடிகளுக்கு இடையே அரை வரி விட்டால் எது புது அடி என்று தெரியும்.

மூன்று நெடுவரிசைக்கு மேற்பட்ட அட்டவணையைப் பட்டியலாக மாற்றி எழுதுங்கள். அட்டவணைக்குள் அட்டவணை கூடாது.

கோப்பைத் திறக்கவே மாட்டேன் என்கிறது கருவி. கணினியில் நன்றாகத் திறக்கிறது.

பொதியும் முறையைப் பாருங்கள். ஈபப் என்பது ஜிப் பொதிதான் என்றாலும், உள்ளே முதல் கோப்பாக, இது ஈபப் என்று கருவிக்குச் சொல்லும் ‘மைம்டைப்’ இருக்க வேண்டும். அதைச் சுருக்கக்கூடாது. அந்தக் கோப்பின் தலையில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கக்கூடாது, கடைசியில் வெற்று வரியும் கூடாது. கோப்புறையை வலச்சொடுக்கி ஜிப் ஆக்கினால் இந்த ஒழுங்கு கெட்டுவிடும். ஈபப் திருத்தும் மென்பொருளான சிஜிலோ காலிபரோ பொதிந்தால் கெடாது.

அடுத்து, உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்கள். “அத்தியாயம் 1” என்று தமிழிலும் இடைவெளியோடும் பெயர் வைத்தால் பழைய கருவி அந்தக் கோப்பைக் கண்டுபிடிக்காது. ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும் மட்டும் பயன்படுத்துங்கள். பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாடும் பொருந்த வேண்டும். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, கருவி கண்டுகொள்ளும். வரி உடைக்காத இடைவெளிக் குறிக்கு nbsp என்ற பெயர்க்குறியீடு எழுதாமல்   என்று எண் வடிவில் எழுதுங்கள். கடைசியாக, ஈபப்பின் பிழைகளைக் கண்டுசொல்லும் ஈபப்செக் மென்பொருளில் ஓட்டுங்கள். பிழை ஒன்றுகூட இல்லாத நிலை வரும்வரை கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

நூலகப் பட்டியலில் தலைப்பு கட்டங்களாக வருகிறது. நூல் உள்ளே சரியாக இருக்கிறது.

உள்ளே உங்கள் எழுத்துரு, வெளியே கருவியின் எழுத்துரு. பட்டியலுக்கு நூலில் உள்ள எழுத்துரு பயன்படாது. பழைய கருவிக்கான பதிப்பில் மட்டும் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஆங்கில எழுத்தில் மீத்தரவாக (நூலைப் பற்றிய விவரக் குறிப்பு) கொடுங்கள். ஆறு அங்குல பிடிஎஃப்பின் புத்தகக்குறிகளிலும் “01”, “02” என்று எண்ணை முன்னால் வைத்தால், தமிழ் கட்டமானாலும் வாசகர் அத்தியாயத்தைக் கண்டுபிடிப்பார்.

மோபி கோப்பு இன்னும் தர வேண்டுமா?

மின்னஞ்சல் வழியாகக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி 2022 முதல் ஈபப்பை ஏற்கிறது. மோபியைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். மோபி உருவாக்கும் கிண்டில்ஜென் கருவியையும் அமேசான் 2020இல் விலக்கிக்கொண்டது. ஆகவே கேஎஃப்8 அறிந்த பழைய கிண்டிலுக்குக் காலிபரில் கேஎஃப்8 கோப்பான ஏஇசட்டபிள்யூ3 ஆக மாற்றி, யூஎஸ்பி வழியாக ஆவணங்கள் கோப்புறையில் போடச் சொல்லுங்கள். உங்கள் எழுத்துரு தெரிய, எழுத்தமைப்புப் பட்டியலில் பதிப்பாளர் எழுத்துரு என்பதை வாசகர் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை நூலின் முதல் பக்கத்தில் ஒரு வரியாக எழுதினால் பாதிப் புகார்கள் வராது.

மோபியே வேண்டும் என்பவர்களுக்குக் காலிபரின் மோபி வெளியீட்டில் பழையது, புதியது, இரண்டும் என்று மூன்று வகை இருக்கிறது. இரண்டும் என்றால் ஒரே உரை இருமுறை பொதியப்படும், எடை ஏறத்தாழ இரட்டிக்கும்.

கோபோவில் சிதறுகிறது. மாற்று உண்டா?

கோபோவுக்குள் இரண்டு இயந்திரங்கள் உள்ளன. சாதாரண ஈபப்பை அடோபி இயந்திரம் திறக்கும், கெபப் என்ற கோபோவின் சொந்த வடிவத்தை வேறொன்று திறக்கும். ஒரே நூல் இரண்டிலும் வேறு வேறாகத் தெரியக்கூடும் என்பதால் இரண்டையும் ஏற்றிச் சோதியுங்கள்.

கைவேலை தெரிந்த வாசகர் கேஓரீடர் என்ற திறந்த மூல வாசிப்பு மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். கோபோ, பாக்கெட்புக், பூட்டுடைத்த கிண்டில் ஆகியவற்றில் ஓடும். அது ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துவதால் தமிழ் சரியாகக் கோர்க்கப்படும். எழுத்து இணைப்பு அமைப்பை அதில் இருக்கும் மிக உயர்ந்த தரத்துக்கு மாற்ற வேண்டும், குறைந்த தரத்தில் வேகம் கிடைக்கும், கோர்ப்பு கிடைக்காது.

கருவி கையில் இல்லாமல் சோதிக்க முடியுமா?

ஓரளவுதான். அமேசானின் முன்னோட்ட மென்பொருளும் கணினி வாசிப்பான்களும் உங்கள் கணினியின் வசதிகளோடு ஓடுபவை. அங்கே தமிழ் சரியாகத் தெரிவது பழைய கருவியைப் பற்றி எதையும் சொல்லாது. ஆறு அங்குல பிடிஎஃப்பை மட்டும் நம்பிக்கையோடு கணினியில் சோதிக்கலாம்: பக்கத்தைத் திரையில் 9 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி, அளவுகோலை வைத்துப் பார்த்து, கை நீட்டும் தொலைவில் படியுங்கள். ஈபப்புக்குப் பழைய சந்தையில் ஒரு நூக்கோ கோபோவோ, ஒரு கிண்டில் 4ஓ வாங்கிவிடுவதே மேல். வாங்கும்போது மின்கலம் போனாலும் கவலையில்லை, கம்பியில் செருகி வைத்தே சோதிக்கலாம். திரையில் கோடு விழுந்திருக்கிறதா, யூஎஸ்பி துளை ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். மென்பொருளைப் புதுப்பிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.